நான்காம் குழுவின் மரம்

கமுகூயு
மே 17

அன்புத் தம்பி புரோட்டஸ்,

இந்த வாரத்து மெமரி கார்டுகள் பன்னிரண்டும் தேயிலை டப்பாவுக்குள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள். போன வாரம் ஒன்று குறைகிறது என்று நீ போட்ட கூச்சலில் என் காது இன்னும் இரைகிறது. கடைசியில் அது உன் ஆபீஸ் மேஜைக்கடியில்தானே கிடந்தது?

மலை மறைத்துக்கொண்டு நிற்கும் இந்த ஊரில் நெட்வொர்க் எட்டிப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை. அதனால் பிள்ளைகளின் குரல் இரவுப் பேருந்தில் நைரோபிக்கு வருகிறது. டப்பாவில் மிச்ச இடம் இருப்பதால் கடிதமும் கூடவே வருகிறது. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

டேப்லெட்டுக்குள் நீ நட்டு அனுப்பிய மரம் என் வகுப்பைக் கிறுக்குப் பிடிக்க வைத்திருக்கிறது. அறுபது பிள்ளைகள், ஐந்து பேருக்கு ஒரு டேப்லெட். ஆங்கிலத்தில் பேசினால் திரையில் மரம் துளிர்க்கிறது. நம் புகுசு மொழியில் ஒரு வார்த்தை விழுந்தால் 'டொக்' என்று ஓர் இலை உதிர்கிறது. யாருடைய மரம் அடர்த்தியோ அந்தக் குழு நடித்த படம் உங்கள் நைரோபிக் கூட்டாளிப் பள்ளிக்குப் போகிறது. அங்கிருந்து பதில் படம் வருகிறது. அதில் தங்கள் பெயரை யாரோ நகரத்துப் பிள்ளை உச்சரிப்பதைக் கேட்டுவிட்டால் போதும், இவர்கள் மூன்று நாள் தரையில் நடப்பதில்லை. வென்ற குழுவுக்கு வழக்கம்போல் 'ஒரு கிலோ கைதட்டு' போடுகிறோம். எடை போட்டுக் கொடுப்பதுபோல் தாளத்தோடு, கூரைத் தகரம் அதிர.

இந்த வாரம் நடிக்கக் கொடுத்தது டிவி செய்தி. ஒரு குழு சந்தை விலை வாசித்தது. இன்னொன்று பசு காணாமல் போன வழக்கை விசாரித்துப் பசுவையே கைது செய்தது. நான்காம் குழுவில் நங்கிலா வானிலை சொன்னாள். "இன்று மலை தொப்பி போட்டிருக்கிறது, ஆகவே நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் அவள் சொன்னபோது நானே சிரித்துவிட்டேன்.

நங்கிலா எலெக்டினின் ஒரே மகள். எலெக்டினை நினைவிருக்கிறதா? உன் மெஷினுக்கு நம் மொழியைப் பழக்க வேண்டும் என்று போன வருஷம் என்னை வீடு வீடாகக் குரல் பிடிக்க அனுப்பினாயே, ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக் கொடுத்தவள் அவள்தான். கோழி விரட்டுவதிலிருந்து மாமியார் சண்டை வரை ஒன்று விடவில்லை. "நம்ம பாஷை மெஷினுக்குள்ள போகுதா? அப்ப நல்லாப் பேசணும்" என்று தலைத்துணியைக்கூடச் சரிசெய்துகொண்டாள். ஃபோட்டோ எடுக்கவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

நங்கிலாவுக்கு ரத்தத்தில் நோய். அணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் என்பார்களே, அது. எலெக்டின் வகுப்பு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: "டீச்சர், எலும்பை மெல்லுதுன்னு அவ சொன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. மணி அடிக்கட்டும், சாப்பாடு முடியட்டும்னு தள்ளாதீங்க. எனக்கு ஆள் அனுப்புங்க."

ஒரே ஒரு சங்கடம். பிள்ளைகள் இலைக்குப் பயந்து ஒருவரை ஒருவர் அதட்டுகிறார்கள். ஒரு பையன் இன்னொருவன் வாயைக் கையால் பொத்திவிட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன், இருந்தாலும் நீயும் யோசி.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மெட்ரின்


நைரோபி
மே 29

அன்புள்ள அக்கா,

பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. மேஜைக்கடி விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிடாதே.

நல்ல செய்தி. உன் வகுப்பில் முதல் வாரம் நூற்றுக்கு முப்பது பங்கு தாய்மொழிப் பேச்சு இருந்தது. இப்போது ஒன்பது. எங்கள் மேலாளர் அந்த இறங்குகிற கோட்டைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். யார் வந்தாலும் "கமுகூயுவைப் பாருங்கள்" என்கிறார். கமுகூயு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அது வேறு. நிதி கொடுக்கிற வெளிநாட்டார் ஜூன் கடைசியில் உன் வகுப்புக்கு வருகிறார்கள். அதற்குள் ஒன்பது ஐந்தாக இறங்கினால் அடுத்த பருவத்தில் இன்னும் நாற்பது பள்ளிகளுக்கு மரம் போகும்.

வாய் பொத்துவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அக்கா. போட்டி என்றால் கொஞ்சம் அதட்டல் இருக்கும். நம் காலத்தை நினைத்துப் பார். புகுசு பேசி மாட்டிக்கொண்டவன் கழுத்தில் மரக்கட்டை. அடுத்தவன் எப்போது வாய் திறப்பான் என்று காத்திருந்து அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. அது என் கழுத்தில் தொங்கிய அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை நான். அதை ஒழிக்கத்தான் இத்தனை பாடு. என் மரத்தில் அடி இல்லை. ஓர் இலை விழும், அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். பதிவுகளில் உன் குரல் அடிக்கடி கேட்கிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள், கணக்கு கெட்டுப்போகிறது. உன் கையில் இருக்கிற பெரிய திரையிலேயே பன்னிரண்டு மரங்களும் தெரியுமே, அதைப் பார்த்து நடத்து. இலை விழுகிற குழுவை மட்டும் கவனித்தால் போதும்.

அவர்கள் வரும் நாளில் அந்த ஒரு கிலோ கைதட்டைக் கட்டாயம் போடச் சொல். வெள்ளைக்காரர்கள் உருகிவிடுவார்கள்.

உன் தம்பி,
புரோட்டஸ்


கமுகூயு
ஜூன் 18

புரோட்டஸ்,

இந்த டப்பாவில் கார்டு கிடையாது. உன் போனை நான் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. எத்தனை முறை அடித்தாலும்.

நங்கிலா செத்துப்போனாள். சனிக்கிழமை அவர்கள் வீட்டுப் பின்னால் வாழைகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

யார் யாரோ உனக்கு என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். நடந்தது இது. வியாழக்கிழமை, மரப் பாடம். நீ சொன்னபடி மேஜையிலேயே உட்கார்ந்து பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் குழுவில் இலை விழுந்தது. மறுபடி விழுந்தது. "நான்காம் குழு, ஆங்கிலம்!" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் இலை விழுவது நின்றுவிட்டது. மரம் மளமளவென்று துளிர்த்து, பாடம் முடியும்போது பன்னிரண்டிலும் அதுதான் அடர்த்தி. எழுந்து நின்று பாராட்டினேன். ஒரு கிலோ கைதட்டு போடச் சொன்னேன். வகுப்பே தட்டியது.

மணி அடித்த பிறகு குழுத் தலைவி ரிஸ்பா என் மேஜைக்கு வந்தாள். "மேடம், நங்கிலா தூங்குகிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள்.

தூக்கமில்லை அது. வாடகை பைக்கில் என் மடியில் போட்டுக்கொண்டு சுவேலே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாலம் தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. எலெக்டின் இவளைப் பெற்றதும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான், அதனால்தான் நங்கிலா என்று பெயர். வந்ததும் வழியில், போனதும் வழியில் என்று இழவு வீட்டில் கிழவிகள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு அழ யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

ரிஸ்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் வாயே திறக்கவில்லை. டேப்லெட் இங்கே இல்லை, நம் மொழியில் பேசு என்று கெஞ்சிய பிறகு சொன்னாள்: "எலும்பை மெல்லுதுன்னு சொன்னா மேடம். நாங்கதான் ஷ்ஷ்னோம். இலை விழுதுடி, அப்புறம் சொல்லுன்னோம். அப்புறம் அவ பேசலை."

அவள் பேசாமல் போனதால்தான் மரம் துளிர்த்தது, புரோட்டஸ். அதற்குத்தான் நான் கைதட்டச் சொன்னேன்.

மண் போடும்போது அந்தக் குழுவின் நாலு பேரும் குழியருகே வந்து, ஒவ்வொருவராக ஆங்கிலத்தில் 'குட்பை நங்கிலா' என்று முணுமுணுத்தார்கள். எலெக்டின் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் டீச்சர், செத்த பிறகும் அவகிட்ட நம்ம பாஷையில பேசக் கூடாதா?" என்று கேட்டாள்.

அன்றைய கார்டை வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர் மகோக்கா வழக்கம்போலப் பேருந்தில் அனுப்பிவிட்டார். நான் இழவு வீட்டில் இருந்தேன். கார்டை எடுத்த பிறகு டேப்லெட்டில் ஒன்றும் மிஞ்சாது என்பது உனக்கே தெரியும். அந்தக் குரல் இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. எலெக்டின் அதைக் கேட்க வேண்டும் என்கிறாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மகள் கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்க வேண்டுமாம். அனுப்பி வை.

மெட்ரின்


நைரோபி
ஜூன் 26

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எலெக்டினிடம் என் வருத்தத்தைச் சொல். சொல்வதால் என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்பாய். இருந்தாலும் சொல்.

கார்டைப் பற்றி நேராகவே எழுதிவிடுகிறேன். அது இப்போது என் கையில் இல்லை. மேலாளர் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். வக்கீல் வந்து போனார். பிள்ளைகளின் குரலை வெளியே கொடுப்பது சட்டப்படி தப்பாம், ஐந்து பேர் குரல் இருப்பதால் ஐந்து வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நானும் அதைத் திருப்பிச் சொல்கிறேன், என்ன செய்ய. இந்த விஷயமாக யாருடனும் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உன்னோடும்தான்.

இங்கே ஒரு டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். நெஞ்சில் அடைத்துவிட்டால் அரை மணி முன்னால் கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். இதை உன் ஆறுதலுக்காகத்தான் எழுதுகிறேன். அவளுக்கு இருந்தது பழைய நோய், அக்கா. மரம் கொடுத்த நோய் இல்லை.

வெளிநாட்டார் உன் பள்ளிக்கு வரவில்லை, வேறு பள்ளிக்குப் போகிறார்கள். யாராவது வந்து கேட்டால் குழந்தை முன்பே நோயாளி என்று மட்டும் சொல். எழுத்தில் எதையும் கொடுக்காதே. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

புரோட்டஸ்


கமுகூயு
ஜூலை 4

புரோட்டஸ்,

கிழிக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்துப் படித்து, என் தம்பிக்கு இப்படியும் எழுத வருமா என்று பார்த்துக்கொள்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை உனக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

அரை மணி என்கிறாய். அரை மணியில்லை. பாடத்தின் ஆரம்பத்திலேயே அவள் சொல்லிவிட்டாளாம். பாடம் இரட்டைப் பாடம்.

இங்கே கதை வேறாக ஓடுகிறது. புகுசு பேசியதற்காக நான் நங்கிலாவை அடித்தேன், அடி தாங்காமல் விழுந்தாள் என்று சந்தையில் பேச்சு. மகோக்கா என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, 'மாணவி வகுப்பில் அமைதியாக உறங்கிய நிலையில் காணப்பட்டாள்' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். அடித்தேன் என்பதும் பொய், உறங்கினாள் என்பதும் பொய். இரண்டு பொய்க்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் வகுப்பில் இப்போது பிள்ளைகள் பேசுவதே இல்லையாம். ஆங்கிலமும் இல்லை, புகுசுவும் இல்லை. ரிஸ்பா வீட்டிலும் தலையை ஆட்டுவதோடு சரி என்று அவள் அம்மா வந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை எலெக்டின் வந்தாள். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். இழவுக்கு மழித்த தலையோடு வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"டீச்சர், அந்த மெஷினுக்கு நம்ம பாஷை தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான் பிடிச்ச குரல்லேர்ந்து கத்துக்கிட்டது. நீயும் பேசினியே."

"ஆமா, பேசினேன். ஒரு மத்தியானம் பூரா பேசினேன். நீங்க குடுத்த சோடாகூடக் குடிக்காம பேசினேன். அப்ப என் பிள்ளை சொன்னது அதுக்குப் புரிஞ்சிருக்கணுமே?"

"புரியாது எலெக்டின். இது புகுசுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். என்ன சொல்றாங்கன்னு தெரியாது."

"வாசனை தெரியும், சங்கதி தெரியாதா? போலீஸ் நாய் மாதிரியா?"

களியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். அவளே சொன்னாள். "நாய்கூட ஆள் கீழ விழுந்தா குலைக்கும் டீச்சர்." அப்புறம், "அந்தக் குரல் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தினமும் யாரையாவது விட்டு அதையே கேட்கிறாள்.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? வக்கீல் பூட்டி வைத்திருக்கிறார், ஐந்து கையெழுத்து வேண்டும் என்றா? நீ மெஷின் செய்தாய், நான் பாடம் நடத்தினேன், அவள் குரல் கொடுத்தாள். மூன்று பேரில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

மெட்ரின்


நைரோபி
ஜூலை 15

அக்கா,

இந்தக் கடிதத்தோடு ஒரு மெமரி கார்டு இருக்கிறது. எப்படி எடுத்தேன் என்று எழுதவில்லை. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள், அதற்கு மேல் நீ தெரிந்துகொள்ள வேண்டாம். கேட்டால் நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொள்ளப்போகிறேன். அவர்கள் விசாரிப்பார்கள்.

கேட்டேன். அந்தப் பதிவை முழுவதும் கேட்டேன். மெஷின் ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதும். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்கிற இடங்களில் எல்லாம் 'தாய்மொழி, ஐயமில்லை' என்று எழுதியிருக்கிறது. மற்ற பிள்ளைகளிடம் சில சமயம் தடுமாறும் மெஷின் அவளிடம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஏன் என்று யோசித்தேன். அம்மாவும் மகளும் ஒரே மாதிரி பேசுவார்கள். அம்மாவின் குரலில் பழகிய மெஷினுக்கு மகளைக் கண்டுபிடிப்பது சுலபம். இதை எலெக்டினிடம் சொல்லாதே.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேஜையில் உட்கார்ந்தபடி கூப்பிட்டதாக நீ எழுதியிருந்தாய். முதல் முறை அப்படித்தான், குரல் தூரத்திலிருந்து வருகிறது. இரண்டாம் முறை அப்படி இல்லை, அக்கா. உன் குரல் மிகப் பக்கத்தில் கேட்கிறது. குனிந்து பேசுகிற குரல். நீ அவளோடு பேசியிருக்கிறாய். அவளும் உன்னோடு பேசியிருக்கிறாள்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பக்கத்தில் போகாதே, திரையைப் பார் என்று சொன்னவன் நான். மறந்துபோயிருப்பாய். மனம் சிலதை அப்படி மறைத்துக்கொள்ளும்.

கார்டில் இரண்டு பதிவுகள் வைத்திருக்கிறேன். முதலாவது முழுசு. இரண்டாவதில் உன் குரல் வருகிற இடத்தை வெட்டிவிட்டேன். வெட்டியது தெரியாது, நான் இந்த வேலையில் கெட்டிக்காரன். எலெக்டின் கேட்டது மகளின் குரலைத்தானே, அது இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவதைக் கொடு. முழுசு வெளியே போனால் உன் வேலை போவதோடு நிற்காது. ஊர் உன்னைச் சும்மா விடாது, எலெக்டின் வீட்டு வாசலை உன்னால் மிதிக்க முடியாது. போனவள் திரும்பப்போவதில்லை. நீயாவது மிஞ்சு.

உன் தம்பி,
புரோட்டஸ்


கமுகூயு
ஜூலை 29

தம்பி,

மறக்கவில்லை. பொய் எழுதினேன். உனக்கு எழுதும்போது அந்த இடம் வந்ததும் பேனா தானாக மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படித்தான் நடந்தது என்று நானும் நாலு வாரம் நம்பினேன்.

கார்டு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு முழுசை ஒருமுறை கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் எலெக்டின் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். "கொண்டுவந்தீங்களா?" என்றாள். போனில் கார்டைப் போட்டு, முறத்தின் ஓரத்தில் வைத்து ஓடவிட்டேன்.

முதலில் வகுப்பின் இரைச்சல். ரிஸ்பா செய்தி வாசிக்கிறாள். பிறகு நங்கிலா: "எலும்பை மெல்லுது."

எலெக்டின் கையிலிருந்த பீன்ஸைப் போட்டுவிட்டாள். போனைப் பார்த்து, "வந்துட்டேன்டி கண்ணு, இதோ வந்துட்டேன்" என்றாள்.

பிள்ளைகள் ஷ்ஷ் என்றார்கள். இலை, இலை என்றார்கள். நங்கிலா மறுபடி சொன்னாள். எலெக்டின் மறுபடி, "இதோ வந்துட்டேன்" என்றாள். அவள் ஒவ்வொரு முறை சொன்னபோதும் இவள் பதில் சொன்னாள், புரோட்டஸ். எழுந்து நின்றுவிட்டாள். போவதற்கு இடம் இல்லாமல் முறத்தைச் சுற்றி நடந்தாள்.

அப்புறம் என் குரல் வந்தது. "நங்கிலா, ஆங்கிலத்தில் சொல். முயற்சி செய்." ஒன்றும் கேட்கவில்லை கொஞ்ச நேரம். அந்தப் பிள்ளை தேடுகிறாள். தேடி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். 'எலும்பு.' மரம் துளிர்க்கிற மணிச் சத்தம் கேட்டது. நான், "மிக நன்று. இப்போது முழு வாக்கியமாக" என்கிறேன். என் செருப்புச் சத்தம் தள்ளிப் போகிறது.

அதன் பிறகு அவள் பேசவில்லை. கடைசியில் கைதட்டு.

எலெக்டின் உட்கார்ந்தாள். எப்போதும் நீங்க என்று மரியாதையாகப் பேசுகிறவள் அன்று அதை விட்டுவிட்டாள்.

"கடைசில அது நீயா?"

"நான்தான்."

"பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"என்ன சொன்னா உன் இங்கிலீஷ்ல?"

"எலும்புன்னு சொன்னா."

"அப்ப சொல்லிட்டா. நம்ம பாஷையிலயும் சொல்லிட்டா, உன் பாஷையிலயும் சொல்லிட்டா. இன்னும் எந்தப் பாஷையில சொல்லணும்னு நீ நின்னுட்டிருந்தே?"

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள், அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை.

"கைதட்டினாங்களே, யாருக்கு?"

"நாலாம் குழுவுக்கு."

"அவளுக்கும் சேர்த்துத்தானா?"

"ஆமா."

"அது அவ காதுல விழுந்திருக்குமா?" என்றாள். தெரியாது என்றேன். "விழுந்திருந்தா நல்லது. அவளுக்குக் கைதட்டு பிடிக்கும்" என்றாள். அப்போதுதான், தம்பி, நங்கிலா போன பிறகு முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. எலெக்டின் என்னைத் தேற்றவில்லை. தேற்றக் கூடாதுதான்.

முழுப் பதிவையும், நடந்ததை என் கைப்பட எழுதியும் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். நீ வெட்டிய பதிவை அழித்துவிட்டேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். மகோக்கா என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்.

இப்போது உனக்கு ஒரு வேலை. நான் கிளம்பும்போது எலெக்டின் கூப்பிட்டாள்.

"உன் தம்பிகிட்டச் சொல்லு. நான் பேசிக் குடுத்தது எனக்குத் திரும்ப வேணும்."

"பதிவா?"

"பதிவு எதுக்கு எனக்கு? அந்த மெஷினுக்குள்ள என் குரல் இருக்குல்ல, அதை வெளிய எடுக்கச் சொல்லு. என் பிள்ளைமேல இலை விழ வெச்சது என் குரல்தானே. இனி இன்னொரு பிள்ளைமேல அது விழ வேணாம்."

யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ சொல்லாதே என்று எழுதியதை நான் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

அவளுக்குப் பணம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இது ஒன்றுதான் வேண்டும். எடுத்துக் கொடு.

மெட்ரின்


நைரோபி
ஆகஸ்ட் 7

அக்கா,

வேலை போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போவதற்கு முன் நான்கு நாள் நேரம் இருந்தது, அந்த நான்கு நாளும் எலெக்டின் கேட்டதைத்தான் முயன்று பார்த்தேன்.

எடுக்க முடியவில்லை. அவள் பேசிய பதிவை அழிக்கலாம், அழித்தும்விட்டேன். ஆனால் மெஷின் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது போகாது. குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடு என்கிற கதைதான். நம் மொழியை முதலிலிருந்து வேறு குரல்களில் பழக்கினால்தான் அவள் குரல் இல்லாமல் போகும். அதற்கு ஒரு வருஷம் ஆகும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். "நன்றாக வேலை செய்வதை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார். உன் வாக்குமூலம் வந்த பிறகு பாடத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளை கை உயர்த்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

நாற்பது பள்ளிகளும் கையெழுத்தாகிவிட்டன. எல்லாம் நம் பக்கத்து ஊர்கள்தான், மலையடிவாரம் முழுக்க. உள்ளே இருப்பது பழைய மெஷின்தான்.

சனிக்கிழமை வருகிறேன். அதற்கு முன்னால் எலெக்டினிடம் எதையும் சொல்லிவிடாதே. அவள் கேட்டது என்னிடம், பதில் என் வாயிலிருந்தே வரட்டும். என்ன சொல்வது என்று பேருந்தில் வரும்போது யோசிக்கலாம் என்றிருந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, முடியாது என்பதுதான் பதில். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற காலையில் நாற்பது பள்ளிகளில் பிள்ளைகள் வாய் திறக்கும்போதெல்லாம் மெஷினுக்குள் இருந்து எலெக்டின் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தப் பிள்ளை அம்மா பேச்சில் பேசினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியாது.

புரோட்டஸ்